பழைய டிஸ்கில் இருந்தவர்கள்

நவம்பர் 4, திங்கள்

காலையில் நல்ல மழை. பிள்ளைகள் பாதிப்பேர் வரவில்லை.

அலுவலகக் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க வந்த நவாஸ், போகும்போது எங்கள் சைகை அறைக் கம்ப்யூட்டரிலும் ஒரு மென்பொருளைப் போட்டுவிட்டுப் போனார். ஹார்ட் டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று அது காட்டுமாம். நன்றாக இருந்தால் நீலம், சந்தேகம் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. பெட்டிக்குள் இருக்கும் சின்ன டிஸ்க் நீலம். பக்கத்தில் தனியாக வைத்திருக்கும் பெரிய டிஸ்க் மஞ்சள்.

“டிஸ்குல ஒரு இடம் கெட்டுப்போச்சுன்னா அதுவே வேற இடத்துக்கு மாத்திக்கிரும் டீச்சர். அப்படி எத்தன இடம் மாத்தியிருக்குன்னு இந்த நம்பர் சொல்லுது. அப்படியே நின்னா பயமில்ல. ஏறிக்கிட்டே போனா சிக்கல்.”

நம்பர் நாற்பது.

அந்தப் பெரிய டிஸ்கில்தான் எங்களுடைய ஆறு வருட வேலை முழுவதும் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் காது கேளாதவர்கள் கையால் பேசும் பேச்சை வீடியோவாக எடுத்துச் சேர்த்திருக்கிறோம். ஒரு பாதி, அகராதிக்கான சொற்கள். அழகர்ராஜா கேமரா முன்னால் நின்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டியவை. இன்னொரு பாதி, அவன் ஊர் ஊராகப் போய் மற்றவர்களைப் பேசவிட்டு எடுத்த உரையாடல்கள். கேமராக் கார்டை அழித்து அழித்துத்தான் மறுபடி பயன்படுத்தினோம். இரண்டாவது பிரதி இருந்த டிஸ்க் போன வருடமே கீழே விழுந்து போயிற்று. இன்னொன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததோடு சரி.

இரவு ரசமும் அப்பளமும்.

நவம்பர் 5, செவ்வாய்

அழகர்ராஜாவிடம் மஞ்சள் வட்டத்தைக் காட்டினேன். எங்கள் காது கேளாதோர் பள்ளியில் படித்தவன்தான். பிறவியிலேயே காது கேட்காது. முப்பத்து மூன்று வயது, எங்களிடம் உதவியாளர் வேலை. திரையைப் பார்த்ததும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான்.

“இப்பவே காப்பி போடுங்க” என்று கையால் சொன்னான்.

எதில் போடுவது? அவ்வளவு பெரிய இடம் பள்ளியில் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. இங்கே இருக்கிற இணையத்தில் ஏற்றினால் அடுத்த தீபாவளி வந்துவிடும்.

அவன் சொல்வதை நான் ‘நீங்க’ போட்டு எழுதுகிறேன். சைகையில் மரியாதைக்குத் தனி விரல் கிடையாது. என்னைக் காட்டி விரலை நீட்டுகிறான், அவ்வளவுதான். எழுதும்போது மரியாதை தானாக வந்துவிடுகிறது. அவன் மனதில் அது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 7, வியாழன்

தாளாளர் குணசீலன் ஐயாவைப் போய்ப் பார்த்தேன். டிசம்பர் மூன்றாம் தேதி, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று, அகராதியை வெளியிடுவதாக மேலே வாக்குக் கொடுத்துவிட்டார். அழைப்பிதழ் அச்சுக்குப் போயாயிற்று. எனக்கும் ஒரு படி காட்டினார். ‘தொகுப்பு: திருமதி சு. சுகிர்தா’ என்று என் பெயர் போட்டிருந்தது. அழகர்ராஜா பெயர் உள்ளே, நன்றி என்ற தலைப்பின் கீழ்.

“டிஸ்க் வாங்கிருவோம் டீச்சர். மதுரைல சொல்லி வைக்கிறேன். மூணாந்தேதிய மட்டும் விட்டுறாதீங்க.”

நவம்பர் 9, சனி

பத்து நாளைக்கு அப்புறம் இன்று குழாயில் தண்ணீர் வந்தது. எல்லா டிரம்மையும் நிரப்பி, மாடித் தொட்டியைக் கழுவி, துவைத்துப் போட்டேன். இவர் பருப்பு மில்லிலிருந்து வரும்போது காய்கறி வாங்கிவர மறந்துவிட்டார்.

மனசு கேட்காமல் சாயங்காலம் பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். நம்பர் நூற்றுப் பதினெட்டு.

நவம்பர் 13, புதன்

நவாஸை வரவழைத்தேன். டிஸ்கில் காதை வைத்துக் கேட்டார். புது டிஸ்க் வந்ததும் முதல் வேலையாகக் காப்பி போடவேண்டும். அதுவரை இதைத் தொடக்கூடாது, அணைத்து அணைத்துப் போடக்கூடாது என்றார்.

“வயசான டிஸ்க். படிக்கப் படிக்க இன்னும் மோசமாகலாம். எல்லாமே வந்துரும்னு நெனைக்காதீங்க. எது ரொம்ப முக்கியமோ அத மொதல்ல எடுங்க. மிச்சம் வந்தா லாபம்.”

அவர் போன பிறகு எனக்கும் அழகர்ராஜாவுக்கும் அரைமணி நேர வாக்குவாதம். சொற்கள்தான் முதலில் என்றேன். வெளியீடு இருக்கிறது. அதுவும் ஆஸ்பத்திரிச் சொற்கள் நானூறு இருக்கின்றன. நர்சுகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறோம். அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை.

“அந்தச் சொல்லெல்லாம் யாரு செஞ்சது? நான். நான் இங்கதான இருக்கேன்? ஒரு மாசம் குடுங்க, எல்லாத்தையும் திரும்பச் செஞ்சு காட்டிருவேன். ராமுத்தாய் சொன்னத யாரு திரும்பச் சொல்லுவா?”

ராமுத்தாய் சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவள். ஐம்பது வயதிருக்கும். காது கேட்காது, பள்ளிக்கூடமும் போனதில்லை. முதல் பிரசவத்தில் அவளுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. ஆஸ்பத்திரியில் அதை அவளுக்குப் புரிகிற மாதிரி யாருமே சொல்லவில்லை. குழந்தை வேறு அறையில் இருப்பதாக நினைத்து, பால் கட்டிய மார்போடு காத்துக் கிடந்திருக்கிறாள். இரண்டு வருடம் போய்ப் போய்ப் பழகிய பிறகுதான் அழகர்ராஜாவிடம் அதைச் சொன்னாள்.

இதெல்லாம் அவன் சொல்லித் தெரியும். வீடியோவை முழுதும் பார்க்க எனக்கு நேரம் வாய்க்கவில்லை. அந்த உரையாடல்களில் அவர்கள் பேசுகிற வேகத்துக்குப் பாதி எனக்குப் பிடிபடாது. இருபத்திரண்டு வருடமாகச் சைகை தெரியும் எனக்கு. ஆனாலும் அவர்களுக்குள் பேசிச் சிரிக்கும்போது, என்ன என்று கேட்டால் நிறுத்திவிட்டு, குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொல்வார்கள்.

கடைசியில் சரி என்றேன். உரையாடல்கள் முதலில். அப்புறம் சொற்கள். அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

நவம்பர் 15, வெள்ளி

புது டிஸ்க் வந்துவிட்டது. நவாஸ் மாட்டி, காப்பி எப்படிப் போடவேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு ஃபோல்டராகத்தான் போடவேண்டுமாம்.

மத்தியானம் அழகர்ராஜாவுக்குத் தகவல் வந்தது. மதுரையில் அம்மா வீட்டில் இருக்கும் அவன் மனைவி நிவேதாவுக்கு வலி எடுத்துவிட்டது. அவளுக்கும் காது கேட்காது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வாசல் வரை போனவன் திரும்பி வந்து, கையால் இரண்டே சொல் சொன்னான். முதலில், உரையாடல்.

நாளை காலை ஆரம்பிக்கவேண்டும்.

நவம்பர் 16, சனி

எட்டரைக்கே போய்விட்டேன். உட்கார்ந்ததும் தாளாளர் போன். சொற்களை வெட்டித் தொகுத்துக் கொடுக்கிற சென்னைக்காரர்கள் திங்கள்கிழமை கையில் கிடைத்தால்தான் மூன்றாம் தேதிக்குள் முடியும் என்கிறார்களாம்.

“நீங்கதான் பொறுப்பு டீச்சர். கலெக்டர் வர்றாங்க. அங்க வந்து டிஸ்கு, கிஸ்குன்னு சொல்லிக்கிட்டு நிக்க முடியாது.”

சரிங்க ஐயா என்றேன்.

வரிசையில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். பெரிய விஷயமில்லை. ஒன்று முடிந்ததும் இன்னொன்று போகப்போகிறது, அவ்வளவுதான். ராமுத்தாய்க்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக்கூடாது என்றால் நர்சுகள் கைக்கு அந்தச் சொற்கள் போய்த்தானே ஆகவேண்டும்? யோசித்துப் பார்த்தால் இதுவும் அவளுக்காகத்தான்.

ஊர்கிற மாதிரிப் போகிறது. திரையையே பார்த்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டேன். அழகர்ராஜா வாட்ஸப்பில் கேட்டான்: “ஆரம்பிச்சாச்சா?” கட்டை விரலை உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. காவலாளியிடம் சாவி வாங்கி, மத்தியானம் வரை டிஸ்க் பக்கத்திலேயே இருந்தேன். நம்பர் அறுநூறைத் தாண்டிவிட்டது. வட்டம் சிவப்பு.

நவம்பர் 18, திங்கள்

சொற்கள் எல்லாம் வந்துவிட்டன, ஒன்று விடாமல். சென்னைக்கு ஆள் கொண்டுபோய்விட்டார். தாளாளர் எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

மத்தியானம் உரையாடல்களை ஆரம்பித்தேன். பெயர் வரிசையில் முதல் மூன்று பேருடையது வந்தது. நாலாவதில் டிஸ்க் ‘டிக், டிக்’ என்று சத்தம் போட்டது. கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடி டிக். நகத்தால் தகரத்தைச் சுண்டுகிற மாதிரி இருந்தது.

பள்ளி முழுக்க அத்தனை பிள்ளைகள் இருக்க, அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது.

நவம்பர் 19, செவ்வாய்

டிஸ்க் தெரியவில்லை. திரையில் அந்தப் பெயரே வரவில்லை.

நவம்பர் 20, புதன்

நவாஸ் வந்து பார்த்தார். உள்ளே ஊசி போல ஒன்று இருக்கிறதாம், அது போய்விட்டது என்றார். சென்னையில் திறந்து பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. அனுப்பிப் பார்க்கலாம், ஆனால் நம்பிக்கை வைக்கவேண்டாம் என்றார்.

“மொத நாளு நல்லா ஓடுச்சுல்ல டீச்சர், அதுல முக்கியமானத எடுத்துட்டீங்கள்ல?”

எடுத்துவிட்டேன் என்றேன்.

இயந்திரம் இப்படிச் செய்யும் என்று யாருக்குத் தெரியும்.

நவம்பர் 21, வியாழன்

அழகர்ராஜாவுக்குப் பெண் குழந்தை. நேற்று ராத்திரி பிறந்ததாம். ஐந்து நாள் விட்டு விட்டு வந்த வலிக்குப் பிறகு ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் நலம் என்று வீடியோ அனுப்பியிருந்தான். துணியில் சுற்றிய குழந்தையைக் காட்டிவிட்டு, போனைச் சாய்த்து வைத்துக் கையால் சொன்னான். டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றாமலே பேசினாராம். உதடுகூடத் தெரியவில்லை. கையெழுத்துக் கேட்டார்கள், எதற்கு என்று தெரியாமலே போட்டேன் என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மகிழ்ச்சி, வாழ்த்துகள் என்று எழுதி அனுப்பினேன். டிஸ்கைப் பற்றி இப்போது எதற்கு.

நவம்பர் 23, சனி

விழாவுக்குக் கட்ட மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டேன். ரவிக்கை இறுக்கமாக இருக்கிறது. தையற்காரரிடம் கொடுத்தாயிற்று.

இவர், “என்ன, சாப்பிடவே மாட்டேங்கிற?” என்றார். பித்தம் என்றேன்.

நவம்பர் 25, திங்கள்

அழகர்ராஜா வந்துவிட்டான். எல்லாருக்கும் லட்டு. நேராகச் சைகை அறைக்குத்தான் வந்தான். பாதியில் டிஸ்க் போய்விட்டது என்று சொன்னேன். மூன்று உரையாடல்தான் வந்தன என்றேன்.

“சொற்கள்?”

“அது வந்திருச்சு.”

என் முகத்தைப் பார்த்தான்.

“எப்படி?”

உரையாடலில் ஆரம்பித்தேன், அந்தப் பக்கம்தான் கெட்டுப்போயிருந்தது, அது நகராததால் சொற்களுக்குப் போனேன் என்றேன். அப்படியும் நடக்கக்கூடியதுதான். நவாஸைக் கேட்டால்கூட நடக்கலாம் என்றுதான் சொல்வார்.

தலையாட்டினான். நாற்காலியில் உட்கார்ந்து, யார் யார் போனார்கள் என்று ஒவ்வொருவருடைய சைகைப் பெயராகச் சொல்ல ஆரம்பித்தான். கன்னத்தில் தழும்பு. சுருட்டை முடி. பீடி. நடுவில் நான் பரீட்சைத் தாள் திருத்தவேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

விழா நன்றாக நடந்தது. கலெக்டர் பொன்னாடை போர்த்தினார். அழகர்ராஜாவையும் மேடைக்குக் கூப்பிட்டு நாலு சொல் செய்து காட்டச் சொன்னார்கள். அம்மா, சோறு, ஊசி, வலி. எல்லாரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த காது கேளாதவர்கள் கையை உயர்த்தி ஆட்டினார்கள். அவர்களுக்கு அதுதான் கைதட்டல்.

போட்டோவில் என் முகம் நன்றாக விழவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டது. தட்டே உரசிப் போயிருக்கிறதாம். எடுக்க முடியாது.

அழகர்ராஜாவுக்குக் காட்டினேன். படித்துவிட்டு, “சனிக்கிழம ராமுத்தாய் வீட்டுக்குப் போவோம். திரும்பக் கேட்டுப் பாப்போம். நீங்களும் வாங்க, டீச்சர் வந்து கேட்டா மரியாதையா இருக்கும்” என்றான்.

போகாமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

டிசம்பர் 14, சனி

எழுதவேண்டுமா என்று யோசித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சாத்தூரில் இறங்கி, வேறு பஸ் பிடித்துப் போனோம். ராமுத்தாய்க்கு அரை நாள் வேலை. அப்போதுதான் வந்து குளித்திருந்தாள். ஒற்றை அறை வீடு. கணவர் ஆடு பார்க்கப் போயிருந்தார். எங்களுக்கு டம்ளரில் கலர் சோடா ஊற்றிக் கொடுத்தாள். குழந்தைப் படத்தை அழகர்ராஜா போனில் காட்டினான். வாங்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

அப்புறம் அவன் விஷயத்தைச் சொன்னான். எடுத்தது போய்விட்டது. இன்னொரு தடவை சொல்லமுடியுமா?

எப்படிப் போயிற்று என்று கேட்டாள்.

மிஷின் கெட்டுப்போச்சு என்றான். அவள் என் பக்கம் திரும்பினாள். டீச்சர் என்றால் விவரம் தெரியும் என்று நினைத்திருப்பாள். மிஷின் கெடும் என்று முன்னாடியே தெரியாதா?

காது கேட்பவர்களிடம் என்றால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டோ, டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டோ பதில் சொல்லிவிடலாம். இவர்களிடம் முடியாது. பார்த்துக்கொண்டேதான் பேசவேண்டும். அவளும் என் கையை மட்டும் பார்க்கவில்லை. முகத்தையும் சேர்த்துத்தான் படிக்கிறாள்.

தெரியும் என்றேன். முதலில் உங்கள் எல்லாருடைய பேச்சையும்தான் எடுப்பதாகப் பேசியிருந்தோம். இவன் ஊரில் இல்லாதபோது நான் மாற்றிவிட்டேன். விழாவுக்காகச் சொற்களை எடுத்தேன். அது முடிந்த பிறகு மிஷின் நின்றுவிட்டது. இவனிடமும் பொய்தான் சொன்னேன்.

இவ்வளவையும் கையால் சொன்னேன். அவசரத்தில் ஒரு சொல் தப்பாக விழுந்து, அதைத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது.

அழகர்ராஜா எழுந்தான். என் முன்னால் வந்து நின்று, “எனக்குக் கட்டவிரல் அனுப்பினீங்க” என்றான். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டான். எங்களுக்கு முதுகு.

ராமுத்தாய் என் முழங்காலைத் தட்டினாள்.

“நான் சொன்னத நீ பாத்தியா?”

பாதி என்றேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாதிகூட இல்லை என்றேன்.

எழுந்து போய் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். கிளம்பச் சொல்லப்போகிறாள் என்று பையை எடுத்துக்கொண்டேன். பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கேமராவைக் காட்டி, இன்றைக்கு அது வேண்டாம் என்றாள். நீ பார் என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குப் புரிகிற வேகத்தில். புரியாத இடத்தில் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன், திரும்பச் சொன்னாள். வலி வந்தது, வண்டியில் போனது, விளக்கு, கத்தரிக்கோல், எல்லாருடைய வாயும் அசைந்தது. குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப்போனார்கள். ஒருவர் முகத்தையும் அவளால் படிக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் குழந்தை பால் குடித்ததைப் பார்த்து, தன்னுடையது எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். சிரித்தார்கள், தலையைத் தடவினார்கள். மாமியார் அழுதாள். வலிக்காக அழுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டாளாம்.

மறுநாள் தரை துடைக்க வந்த பெண் வாளியைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சைகையெல்லாம் தெரியாது. இரண்டு கையையும் சேர்த்துக் குழந்தையை ஏந்துவது போலப் பிடித்தாள். ஆட்டினாள். ஆட்டுவதை நிறுத்தினாள். பிறகு, கை இரண்டையும் மெல்ல விரித்து, உள்ளங்கையைக் கீழே திருப்பினாள். அப்படியே நின்றாளாம்.

“அவ ஒருத்திதான் எங்கிட்ட சொன்னா” என்றாள் ராமுத்தாய்.

எங்கள் அகராதியில் ‘இறந்து பிறந்த குழந்தை’ இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சொற்களில். சுருக்கமாக, இரண்டே அசைவில்.

இடையில் எப்போதோ அழகர்ராஜா உள்ளே வந்து சுவரோடு உட்கார்ந்திருந்தான். அவளுக்கு அழுகை வரவில்லை. எனக்கு வந்தது. கண்ணைத் துடைத்தால் அவள் கை தெரியாது என்பதால் துடைக்காமல் பார்த்தேன்.

கிளம்பும்போது, இதைப் படம் எடுக்க மறுபடி வரலாமா என்று அழகர்ராஜா கேட்டான். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா என்றாள்.

பஸ்ஸில் கூட்டமில்லை. அவன் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தான். காது கேளாதவர்கள் முதுகைக் காட்டினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கண்டக்டரிடம் இரண்டு பேருக்கும் நானே டிக்கெட் எடுத்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. மறந்துவிடுவேனோ என்று, தரை துடைக்க வந்தவள் செய்த அந்தச் சைகையை மடியில் வைத்துச் செய்து பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசி இடம் சரியாக வரவில்லை. எழுத்திலும் அது வரவில்லை. மேலே எழுதியிருப்பதை இப்போது படித்துப் பார்த்தால் ஏதோ உடற்பயிற்சி மாதிரி இருக்கிறது.

ஊர் வருவதற்குச் சற்று முன்னால் அவன் தோளைத் தொட்டேன். உடனே திரும்பவில்லை. இன்னொரு தடவை தொட்டேன். திரும்பினான். அதைச் செய்து காட்டி, சரியா என்று கேட்டேன்.

என் கையையே பார்த்தான். பிறகு சீட்டின் மேல் வழியாகக் கையை நீட்டி, என் இடது மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் கீழே திருப்பிவிட்டான்.

இன்னும் மெதுவா, என்றான்.